பதிமூணாவது பார்

— அதுக்கப்புறம் கேக்கணுமா, ஒத்திகைக்கு வந்த எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ட்ரம்மர் மட்டும்தான் சிரிக்கல. அவர் பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருந்தார், பாவம்.

— சிரிச்சாங்களா.

— உங்களப் பார்த்து இல்லங்க. அந்தச் சத்தத்தக் கேட்டு. மூணு வீட்டு ரேடியோ ஒரே நேரத்துல பாடினா எப்படி இருக்கும், அப்படி. சாக்ஸஃபோன் அஞ்சுல ஆல்டோவும் பாரிட்டோனும் ஒரு பக்கம் இழுக்குது, டெனர் ரெண்டும் இன்னொரு பக்கம் இழுக்குது. ட்ரம்பெட், ட்ராம்போன் எல்லாம் ஒழுங்காத்தான் வாசிக்கிறாங்க, ஆனா அவங்கதான் என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரி முழிக்கிறாங்க. பேண்ட் மாஸ்டர் கையத் தூக்கி நிறுத்திட்டார்.

— எந்த பார்ல? எத்தனாவது தாளக் கட்டத்துல?

— நாலாவது.

— பதினாறு பேர். வேலைய விட்டுட்டு வந்து. நாலு பார்.

— இருங்க, கைப்பைய வெச்சுட்டு வர்றேன். தலகாணி சரிஞ்சிருக்கு பாருங்க. இவ்வளவு நேரம் பக்கத்து வீட்டம்மா இங்கதான உக்காந்திருந்தாங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— தலகாணி கிடக்கட்டும். எதிர்ல உக்காரு. நீ எழுதின சாக்ஸ் பேப்பர எடு.

— இப்பவா? வந்து முகம் கூடக் கழுவல.

— எடு. ஸ்டாண்ட்ல வை. ம். ஆல்டோக்காரன் பேப்பர்ல 'சி' இருக்கு. ஊதறான். வெளிய என்ன கேக்கும்?

— என்னங்க இது, பரீட்சையா?

— சொல்லு.

— ஈ ஃப்ளாட்.

— டெனர்காரன் அதே சி ஊதினா?

— பி ஃப்ளாட்.

— அப்ப பியானோ சுருதியில நான் சொன்ன சுரத்த. மாத்தாம. அப்படியே அவங்களுக்கு எழுதிக் குடுத்தா?

— ஆளுக்கொரு சுருதியில போவாங்க.

— தெரியுது இல்ல?

— தெரியுதுங்க.

— முதல் வருஷம் படிக்கிற பொடிசு கூட. இந்தத் தப்பப் பண்ணாது. நீ எத்தன வருஷமா என் பாட்டக் காப்பி எடுக்கற?

— கல்யாணத்துக்கு முன்னாடிலருந்து. அதுக்குக் கூலியாத்தான் உங்களையே குடுத்தீங்க, மறந்துட்டீங்களா?

— சிரிப்பு வரல, மகராசி.

— எனக்கு மட்டும் வருதா? கண்ணு மங்கிப் போச்சுங்க. பட்டப்பகல்ல ஜன்னல் பக்கம் உக்காந்து எழுதினாலும் கோடெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியுது. அஞ்சு கோட்டுக்குப் பத்து கோடு இருந்தா நான் எந்தக் கோட்டுல வெக்கறது?

— போன தடவையும் இதான் சொன்ன. ட்ராம்போன் பேப்பர்ல. வரி ஆரம்பத்துல போடற க்ளெஃப் அடையாளத்த மாத்திப் போட்ட. அதுக்கு முந்தின தடவை ட்ரம்பெட். ரிப்பீட் அடையாளமே இல்ல. மத்தவங்க பாதியில இருக்காங்க. அவங்க நாலு பேரும் முடிச்சுட்டு. வாயத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம்.

— எல்லாம் என் தலையிலதானா? ஒவ்வொரு பக்கமும் இதே ஸ்டாண்ட்ல வெச்சு, உங்க கண்ணுக்கு நேரா காட்டி, நீங்க 'ம்'னு சொன்னப்புறம்தான கவர்ல போட்டேன்?

— எம் மேல போடறியா.

— போடல. வாய் தவறி வந்துடுச்சு, விடுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— ஸ்பூன்ல குடு. மெதுவா. ம். போதும்.

— இன்னும் ஒரே ஒரு வாய்.

— போதும்னேன். மாஸ்டர் என்ன சொன்னான்?

— போன் பண்றேன்னார்.

— மூஞ்சி எப்படி இருந்துச்சு?

— எப்பவும் போல சிரிச்ச மூஞ்சிதான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். கத்தற மனுஷன நம்பலாம்.

— அங்க இருக்கற பாஸ. நீ வாசிச்சியா?

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. இதான் பேச்சு. வாசிச்சியா?

— அந்த எடம் காலியாத்தான் இருந்துச்சு. நான் ஜன்னல் ஓரமா உக்காந்து கேட்டேன்.

— உனக்காகத்தான். வேற ஆள் போடாம வெச்சிருக்கான்.

— வெக்கச் சொல்லி நான் கேட்டேனா? உங்கள இங்க படுக்கப் போட்டுட்டு, நான் அங்க போய் அந்த ஆளுயர வாத்தியத்தக் கட்டிப் பிடிச்சு டும் டும்னு நின்னுக்கிட்டு இருக்கவா? நல்லாருக்கு நியாயம்.

— அந்த மூலை. போர்வைய எடு.

— எந்தப் போர்வை?

— தெரியாத மாதிரி கேக்காத. பாஸ் மேல கிடக்கறது. செத்தவனுக்குப் போர்த்தின மாதிரி. எனக்குப் பாக்கணும்.

— தூசி படியுதுன்னு போர்த்தினேன்.

— யாரும் தொடாததால படியுது. எடு. ஆங். ஒரு தந்திய இழு.

— இதோ. கேட்டுச்சா? ஆசை தீர்ந்துச்சா?

— 'ஏ' சுரத் தந்தி இறங்கிப் போச்சு. திருகு. இன்னும். இன்னும் கொஞ்சம். தாண்டிட்ட. இறக்கு. நில்லு. அதான்.

— காது மட்டும் பாம்புக் காது.

— காதும் கண்ணும்தான் மிச்சம். ஒரு சுத்து வாசி.

— போன் அடிக்குது. அவர்தான்.

— தப்பிச்ச. ஸ்பீக்கர்ல போடு.

— அண்ணே, எப்படி இருக்கீங்க? மூச்சு பரவால்லையா?

— இருக்கேன். சொல்லு.

— தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அண்ணி பக்கத்துல இருக்காங்களா? அண்ணியும் தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஆளுங்க நொந்து போயிட்டாங்க. இந்தப் பாட்டுக்குன்னு போட்ட ஒத்திகை மூணும் வீணாப் போச்சு. ரெண்டு கச்சேரியில வைக்கிறேன்னு சொல்லி ரெண்டுலயும் தள்ளிப் போட்டாச்சு. நாளைக்குக் காலையில கடைசி ஒத்திகை, சாயங்காலம் மேடை.

— தெரியும்.

— பாட்டுல ஒரு குறை சொல்ல முடியாதுண்ணே. நாலு பேர் ஒரு சின்ன ரூம்ல வாசிச்ச ப்ளூஸ இப்படி விரிச்சிருக்கீங்களே, அந்த ட்ராம்போனெல்லாம் அடியில வந்து உக்கார்ற எடம் இருக்கே, பேப்பரப் பார்த்தாலே சிலிர்க்குது. ஆனா பேப்பரயே பார்த்துக்கிட்டு இருந்தா எப்படிண்ணே? காதுல விழணும்ல?

— என்ன பண்ணணும்கற?

— தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூலப் பிரதிய அண்ணி போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும். எங்க கிட்டார்காரர் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவார். சுருதி மாத்தறதெல்லாம் அதுவே பண்ணிக் குடுத்துடும். தப்பே வராது.

— அதெல்லாம் வேண்டாம் தம்பி.

— இல்லண்ணி, நீங்க எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கிட்டு...

— இவர் பாட்ட நான்தான் எழுதுவேன். இன்னிக்கு நேத்தா எழுதறேன்? சாக்ஸ் அஞ்சு பேப்பர்தானே, நானே மாத்தி எழுதிடறேன்.

— போன தடவையும் இதையேதான் சொன்னீங்க, அண்ணி.

— அவ எழுதுவா. எப்ப வேணும்?

— ஆறு மணிக்கு நானே வந்து வாங்கிக்கறேண்ணே. அதுலயும் ஏதாவது கோளாறுன்னா, மன்னிச்சுக்கங்க, இந்தப் பாட்ட எடுத்துட்டு வேறதான் வெக்கணும். இனிமே தள்ளிப் போட என்னால முடியாது.

— நியாயம்தான்.

— இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பதிமூணாவது பார்.

— அதுக்கென்ன?

— ப்ளூஸ்னா பன்னெண்டு பார் தானேண்ணே. பன்னெண்டு முடிஞ்சா மறுபடி ஒண்ணுலருந்து. எல்லாச் சுத்தும் ஒழுங்கா பன்னெண்டு, அஞ்சாவது சுத்து மட்டும் பதிமூணு. அந்த ஒரு பார்ல யாருக்கும் புதுசா ஒண்ணும் இல்ல. கடைசியா ஊதினத அப்படியே பிடிச்சுக்கிட்டு எல்லாரும் நிக்கணும். ரெண்டாவது ட்ரம்பெட் பாவம், எண்ணி எண்ணிப் பார்த்துட்டு, அச்சுப் பிழையான்னு கேக்கறார். எடுத்துட்டா சுளுவா இருக்கும்.

— எடுக்கக் கூடாது.

— வெட்டியா ஒரு பார் எதுக்குண்ணே?

— வெட்டியில்ல. அதோட கடைசியில. பாஸ் தனியா உள்ள வரும்.

— பாஸுக்குத்தான் ஆளே இல்லையே.

— வரும். ஆறு மணிக்கு வா.

— சரிண்ணே. வெச்சுடறேன்.

— அவர் சொல்றதுல என்ன தப்பு? எடுத்துடுங்களேன் அத. அது பாட்டா என்ன, என்னோட தப்பு. அந்தச் சின்ன ரூம்ல ரெக்கார்டிங் பண்ணின அன்னிக்கு நான் ஒரு பார் பிந்தி வந்துட்டேன். நாலு பேர் வாசிச்ச எடத்துல யாரும் பெருசாக் கவனிக்கல. அதப் போய் கர்மசிரத்தையா எழுதி, பதினேழு பேர் கையில குடுத்து, ஊரக் கூட்டிக் காட்டணுமா?

— கேளு. நாலு பேர் வாசிக்கறப்ப. ஒருத்தர் பிந்தினா. மத்த மூணு பேரும் மூஞ்சியப் பார்த்துக்குவாங்க. அப்படியே பிடிச்சுக்குவாங்க. அவர் வந்ததும் போவாங்க. பதினேழு பேர்னா அது நடக்காது. யாரும் யாருக்காகவும் நிக்க மாட்டாங்க. பேப்பர்ல இருந்தாத்தான் நிப்பாங்க.

— அதனால?

— அதனால எழுதினேன். பதினாறு பேரும். உனக்காக நிக்கணும்.

— எனக்கு வேண்டாம்.

— டேப்ல அந்த எடத்துல. என் குரல் இருக்கும். கேட்டிருக்கியா?

— 'வா'ன்னு சொல்லுவீங்க. கேக்காம என்ன? நம்ம சாக்ஸ்காரன் எத்தன நாள் கேலி பண்ணியிருக்கான். பியானோ வாசிக்கக் கூப்பிட்டா இவர் பொண்டாட்டியக் கூப்பிட்டுட்டிருக்காருன்னு.

— அத மட்டும். பேப்பர்ல எழுத முடியல.

— சின்னதாவே விட்டிருக்கலாங்க இந்தப் பாட்ட. லாண்டரிக்கு மேல இருந்த அந்த ரூம், கீழ துணி காயப் போடற மெஷின் சூடெல்லாம் தரை வழியா ஏறும், நாலு பேரும் வேர்த்து வழிஞ்சுக்கிட்டு வாசிப்போம். அது போதாதா? நல்லா இருந்தத எதுக்கு இழுத்துப் பெருசாக்கினீங்க?

— நாலு பேர்ல. ஒருத்தன் போனா பாட்டு நொண்டும். பதினேழு பேர்ல ஒருத்தன் போனா. ஒண்ணும் தெரியாது.

— இப்படியெல்லாம் பேசினா நான் எழுந்து போயிடுவேன்.

— எங்க போவ? சமையக்கட்டு வரைக்கும் போவ. பென்சில எடு.

— மணி நாலுதான ஆகுது. ஏதாவது கரைச்சுக் குடுக்கறேன், குடிச்சுட்டுத் தெம்பாச் சொல்லுங்க.

— எடு. பியானோவுல என் வலது கை வாசிச்சது. அஞ்சு விரல், அஞ்சு சாக்ஸ். மேல சுண்டு விரல். அது முதல் ஆல்டோ. மோதிர விரல் ரெண்டாவது ஆல்டோ. நடுவுல ரெண்டும் டெனர். கட்டை விரல் பாரிட்டோன். இடது கைய ட்ராம்போனுக்குக் குடுத்தாச்சு. ட்ரம்பெட்டுக்கு நான் போடற கத்தல்.

— பியானோவுக்கு?

— ஒண்ணும் இல்ல.

— மறுபடியும் ஆரம்பிக்காதீங்க.

— முதல் பார்லருந்து கடைசி பார் வரைக்கும். சும்மா இருக்கணும்னு எழுது. ரெண்டு கையையும் பிரிச்சுக் குடுத்தாச்சு. அப்புறம் அங்க உக்காந்து. எத வெச்சு வாசிக்கறது?

— அந்தப் பேப்பர நான் எழுத மாட்டேன். மத்ததெல்லாம் எழுதறேன். அத மாட்டேன்.

— உயில் எழுதறவங்க. அழக் கூடாது மகராசி. எழுத்து கலைஞ்சிடும்.

— உயில்னு நீங்கதான் சொல்லிட்டிருக்கீங்க. நான் பாட்டுன்னு நெனச்சு எழுதிட்டிருக்கேன்.

— டாக்டர் முன்னாடி. நான் என்ன சொன்னேன்?

— ஞாபகம் இல்ல.

— இருக்கு. சொல்லு.

— ஏங்க என்னை இப்படிப் போட்டுக் கொல்றீங்க?

— சொல்லு.

— இந்தப் பாட்டு மேடை ஏறுற வரைக்கும் ராத்திரில அந்த மூச்சு மெஷின மாட்டிக்கறேன்னீங்க. ஏறின அன்னிக்கு ராத்திரிலருந்து வேண்டாம்னீங்க. மாட்டக் கூடாதுன்னீங்க. போதுமா?

— நீ என்ன சொன்ன?

— தலையாட்டினேன். டாக்டர் என் மூஞ்சியவே பார்த்துட்டிருந்தார், நர்ஸ் வேற நின்னுக்கிட்டிருந்தா. வேற என்ன பண்றது, புரண்டு அழவா?

— அது எந்த சுருதியில ஊதுது தெரியுமா? எஃப் ஷார்ப்புக்கு. ஒரு முடி கீழ. ராத்திரி பூரா. ஒரே சுரம். நான் மூச்சு விடல. அது என்னை வாசிக்குது.

— எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

— என்னது?

— ஆமா. ராத்திரில முழிப்பு வந்தா அது கேக்குதான்னுதான் மொதல்ல காது போகும். கேட்டுட்டா மறுபடி தூங்கிடுவேன். இதுவரைக்கும் நீங்க வாசிச்ச பாட்டெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். சுருதி சரியில்லன்னு நீங்க திட்டிக்கங்க.

— நேத்து ஒரு ஈ. மூக்கு மேல உக்காந்துச்சு. நீ குளிக்கப் போயிருந்த. அது பாட்டுக்கு நடந்துட்டிருந்துச்சு. மூக்குலருந்து கண்ணுக்கு. கண்ணுலருந்து உதட்டுக்கு. நான் எண்ணிட்டே படுத்திருந்தேன். பன்னெண்டு பார் நடந்துச்சு. திரும்பி வந்து. மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிச்சுது.

— என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?

— கூப்பிட்டேன். தண்ணிச் சத்தத்துல. உனக்குக் கேக்கல.

— ஐயோ.

— இனிமே குரலும் போயிடும். டாக்டர் சொன்னார்ல. அப்புறம் நான் சொல்ல முடியாது. நீ எழுத முடியாது. எனக்குத் தாங்கல. நெஜமாவே தாங்கல. எழுது. முதல் ஆல்டோ. முதல் பார். என் சுரம் எஃப். அவனுக்கு என்ன?

— டி.

— எழுது.

— எழுதறேன்.

— கை நகரல. எனக்குக் கைதான் போச்சு. கண்ணு போகல.

— கொஞ்சம் இருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பதிமூணாவது பார் இருக்கே, அது என் தப்பு இல்ல.

— இப்பதான உன் தப்புன்ன.

— இத்தன வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். நான் பிந்தி வரல. நான் எப்பவும் உங்க இடது கைச் சுண்டு விரலப் பார்த்துத்தான் உள்ள வருவேன். அது கட்டையில இறங்கினா நான் தந்தியில இறங்குவேன். நமக்குப் பழக்கம் அதான? அன்னிக்கு அது இறங்கல. நீங்க இறக்கறீங்க, மத்த விரலெல்லாம் இறங்குது, அது மட்டும் ஆணி அடிச்ச மாதிரி மேலயே நிக்குது. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்பதான் நீங்க 'வா'ன்னீங்க. முகத்துல சிரிப்பு. விரல் நின்னது உங்களுக்கே தெரியல.

— தெரியல.

— எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேட்டப்ப, சட்டை பட்டன் போட முடியாமப் போன கதையச் சொன்னீங்க. நான் வாயே திறக்கல. அதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்குத் தெரியும். அதப் போய் நீங்க பாட்டுல எழுதி வெச்சிருக்கீங்க. உங்களுக்கு வியாதி வந்த நிமிஷத்துக்குப் பதினாறு பேர் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறாங்க. அது முடிஞ்சு நான் தனியா உள்ள வரணுமாம். எப்படிங்க வருவேன்?

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா அன்னிக்கே பியானோவ மூடியிருப்பீங்க. சொல்லாததால அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் வாசிச்சீங்கல்ல? தினம் சாயங்காலம் அந்த ரூமுக்குப் படியேறிப் போனோம்ல? அது எனக்கு வேணும்னு இருந்துச்சு. நான் அப்படித்தான். எனக்கு எப்பவும் இன்னும் கொஞ்சம் வேணும்.

— ம்.

— கோவமா?

— இல்ல. நீ பிந்திட்டன்னு. நான் உனக்காக நின்னேன். விரல் இறங்கட்டும்னு. நீ எனக்காக நின்ன.

— ஆமா.

— நல்ல பார்.

— ஆமாங்க. நல்ல பார்தான்.

— அவன் வந்துடுவான். எழுது.

— மாட்டேன்.

— மகராசி.

— மாட்டேங்க. என்னால முடியாது. எனக்குக் கண்ணெல்லாம் ஒண்ணும் ஆகல. எந்தக் கோடும் ரெட்டையாத் தெரியல. நல்லாக் கேட்டுக்கங்க, தெரிஞ்சேதான் எழுதினேன். ட்ரம்பெட்ல அந்த அடையாளத்த நானாத்தான் விட்டேன். க்ளெஃப நானாத்தான் மாத்திப் போட்டேன். சாக்ஸ் பேப்பர் அஞ்சையும் சுருதி மாத்தாம எழுதறப்ப எனக்குக் கை கூசிச்சு, அப்பவும் எழுதினேன். இது மேடை ஏறினா அன்னிக்கு ராத்திரி நீங்க முடிச்சுக்குவீங்க. ஏறாமலே இருந்தா? நீங்க சொன்ன அந்த நாளே வராதுல்ல? அங்க அத்தன பேரும் சிரிச்சப்ப, நான் ஜன்னல் ஓரமா உக்காந்து சாமிக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன். உங்க பாட்டக் கேட்டு ஊரே சிரிக்குது, நான் கும்பிட்டுட்டு உக்காந்திருக்கேன். இப்படி ஒரு பொண்டாட்டி உங்களுக்கு.

— மூச்சு வாங்கிக்கோ.

— திட்டுங்க.

— மொதல்ல மூச்சு வாங்கு. இந்த வீட்டுல. அதுக்குத் தட்டுப்பாடு எனக்குத்தான்.

— திட்டுங்களேன்! உங்களுக்குன்னு மிச்சம் இருந்தது இந்த ஒரு பாட்டு. கை போச்சு, கால் போச்சு, வாயால ஒவ்வொரு சுரமாச் சொல்லிச் சொல்லி எழுத வெச்சீங்க. அத மூணு தடவை நாசம் பண்ணியிருக்கேன். அவர் ஆறு மணிக்கு வரட்டும், அவர்கிட்டயும் சொல்லிடறேன். வேற பாட்டு வெச்சுக்கட்டும். என்னை என்ன வேணா நெனச்சுக்கட்டும்.

— ம்.

— என்ன 'ம்'? எல்லாத்துக்கும் இந்த 'ம்' ஒண்ணு. எனக்கு ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் புரியலங்க. அடுப்படியில ஒரு கிண்ணம் கீழ விழுந்தா அது என்ன சுரம்னு சொல்றவர் நீங்க. இப்ப ஏ தந்தி இறங்கினத இங்க படுத்துக்கிட்டே கண்டுபிடிச்சீங்க. அந்தப் பேப்பரயெல்லாம் ஒவ்வொண்ணா உங்க கண்ணுக்கு நேரா காட்டினேன். காட்டறப்பல்லாம், இப்பக் கண்டுபிடிச்சுடுவார், இப்பக் கத்தப் போறார்னு உங்க மூஞ்சியவே பார்த்துட்டிருப்பேன். நீங்க பக்கம் பக்கமாப் பார்த்தீங்க. பார்த்துட்டு 'ம், அனுப்பு'ன்னீங்க. மூணு தடவையும். எப்படிங்க உங்க கண்ணுல படல?

— பட்டுச்சு.

— என்னது?

— மொத தடவையே பட்டுச்சு. ட்ரம்பெட் பேப்பர்லயே. உள்ள வர நீ இன்னும் தயாரா இல்லன்னு. தெரிஞ்சுது. அதான் உனக்காகப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இனிமே என்னால பிடிக்க முடியல, மகராசி. வா.